விளையாட்டென்பது பொழுதுபோக்கன்று!

கையிற் கோலெடுத்துச் சுழற்றும் ஓர் இளைஞனைப் பார்த்து ஒருவர் 'இது விளையாட்டு' என்கின்றார். மற்றொருவர் 'இது கலை' என்கின்றார். வேறொருவர் 'வேலையில்லாதவன் பொழுதுபோக்கு' என்கின்றார். கோலும் ஒன்று, கையும் ஒன்று, பெயர்தான் மூன்று. எப்பெயரால் அழைத்தால் என்ன என்று இதனைத் தள்ளிவிடுதல் இயலாது. விளையாட்டு என்று ஏற்கப்பட்டாற்றான் அவ்விளைஞனுக்குக் களமும் பயிற்றுநரும் பயணச் செலவும் கிட்டும். தமிழக அரசு வேலையில் விளையாட்டினர்க்கென உள்ள 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடமுங் கிட்டும். பொழுதுபோக்கெனின் கைதட்டல் ஒன்றே கூலி. ஆகலின், எது விளையாட்டு, எது பொழுதுபோக்கு என வரையறுத்தல் வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. தமிழிளைஞர்தம் வாழ்வைத் தொட்ட வினாவாகும்.

தமிழ் மரபில் விளையாட்டு இழிந்த பொருளன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தெண்ணினார். மொழிஞாயிறு பாவாணர் 1954-இல் வெளிவந்த தம் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூலில், விரும்பி ஆடும் ஆட்டு என்று அச்சொற்குப் பொருள் கண்டார். பொழுதுபோக்கு என்னுஞ் சொல்லோ தன் பொருளைத் தானே கூறிநிற்கின்றது. விருப்பம் இரண்டற்கும் பொது. ஆயின், விருப்பம் மட்டுமே இருப்பது பொழுதுபோக்கு. விருப்பத்தோடு வேறு சிலவுங் கூடியவழியே விளையாட்டுப் பிறக்கின்றது. அவை யாவை?

உடலுழைப்பு என்பார் உளர். அங்ஙனமாயின் நாற்று நடுவதும் மூட்டை சுமப்பதும் விளையாட்டாதல் வேண்டும். மேலும், இருந்த இடத்தினின்று எழாமல் ஆடும் சதுரங்கத்தின் உலகக் கூட்டமைப்பை 1999-இல் அனைத்துலக ஒலிம்பிக்குக் குழு விளையாட்டமைப்பாக ஏற்றுக்கொண்டுள்ளது. திரளும் கூட்டம் என்பாரும் உளர். கூட்டம் திரைப்படக் கொட்டகையிலுந்தான் திரள்கின்றது. பணம் என்பாரும் உளர். பணம் பெறாமலே ஆடிய பெருமக்கள் எத்துணையோ பேர். ஆகவே இம்மூன்றும் அளவுகோலாகா.

உண்மை அடையாளங்கள் நான்கு. முதலாவது, எதிர்நின்று தடுக்கும் ஆற்றல். அஃது ஓர் ஆளாகவும் இருக்கலாம், தொலைவாகவும் இருக்கலாம், மலையாகவும் இருக்கலாம். இரண்டாவது, ஆடுவோர் எவராயினும் ஆடுமிடம் எதுவாயினும் மாறாத நெறி. மூன்றாவது, ஆடுவோன் தானே கூறிக்கொள்ளாமல் பிறனொருவன் நடுநின்று சொல்லும் முடிவு. நான்காவது, விரும்பிய நாளன்றி விரும்பாத நாளிலும் கைவிடலாகாப் பயிற்சி. பொழுதுபோக்கில் அளவுகோல் ஆடுவோன் கையில் உள்ளது. சலித்தால் எழுந்து போகலாம். விளையாட்டிலோ அளவுகோல் அவனுக்குப் புறத்தே நிற்கின்றது. அவன் அதற்குத் தன்னை ஒப்புக்கொடுக்கின்றான். இதுவே வேறுபாட்டின் உயிர்நிலை.

காரம் என மக்கள் வழங்கும் சுண்டாட்டம் இதற்கு நல்ல சான்று. வீட்டுத் திண்ணையில் சிவப்புக் காய்க்கு ஒருவர் 50 என்பர். அடுத்த தெருவில் 5 என்பர். தோற்கும் நிலை வந்தால் சிறுவன் பலகையைக் கலைத்துவிட்டு ஓடுவான். அது பொழுதுபோக்கு. போட்டிக் களத்திலோ சிவப்புக் காய்க்கு 3 புள்ளியே. 25 புள்ளியோ 8 சுற்றோ முடிந்தால் ஓராட்டம் முடிந்தது. எவரும் கலைத்துவிட்டு ஓடுதற்கில்லை. அப்பலகையையே வாழ்வாகக் கொண்டு பயின்ற சென்னை மரிய இருதயம் உலக வாகை சூடி, 1996-ஆம் ஆண்டிற்கான அருச்சுனா விருதும் பெற்றார். பலகை மாறவில்லை; காய்கள் மாறவில்லை; நெறியும் நடுவரும் பயிற்சியும் வந்து சேர்ந்தன. பொழுதுபோக்கு விளையாட்டாயிற்று.

இனித் தமிழர் எண்ணிப் பார்த்தற்குரிய கசப்பான உண்மையொன்று உண்டு. சடுகுடு தமிழ்நாட்டுச் சிற்றூர்தோறும் ஆடப்பட்டது. எத்தனை பேர் ஓரணி? கோடு எங்கே? மூச்சு விட்டானா, விடவில்லையா? இவையெல்லாம் ஊருக்கோர் முறையாய், பல வேளைகளிற் கைகலப்பாய் முடிந்தன. அவ்வாட்டத்திற்கு மராட்டியர் 1920-களில் நெறி வகுத்து எழுதினர். 1950-இல் இந்திய அளவிற் கூட்டமைப்புத் தோன்றிற்று. 1990-இல் பெய்சிங்கு ஆசிய விளையாட்டுகளிற் பதக்க ஆட்டமாக அஃது இடம்பெற்றது. அணிக்கு எழுவர், பாடிச் செல்வோனுக்கு 30 நொடி, இருபது இருபது மணித்துளிகளாக இரு பகுதிகள் என எல்லாம் வரையறைப்பட்டன. ஆனால் உலகேறிய பெயர் சடுகுடு அன்று; கபடி! கைபிடி என்னுந் தமிழ்ச்சொல்லே கபடி எனத் திரிந்தது என்பாரும் உளர். அது மெய்யாகவே இருக்கட்டும். அதனால் வந்த பயன் யாது? வேர்ச்சொல்லைக் கொண்டு பெருமை பேசுவோர்க்கு ஆட்டம் உரிமையாவதில்லை. நெறியை எழுதியோர்க்கே உரிமையாகின்றது. மராட்டியர் அதனைக் களவாடவில்லை. தமிழர் எழுதாமல் விட்டதை அவர்கள் எழுதினர். அந்நெறிக்குட்பட்டே மணத்தி கணேசன் போன்ற தென்பாண்டி மறவர் 1994-இல் இரோசிமா ஆசிய விளையாட்டுகளிற் பொன்வென்ற அணியில் நின்று ஆடினர். ஆற்றல் தமிழருடையது, எழுத்துப் பிறருடையது!

ஏறுதழுவலின் வரலாறும் இங்கு நினையத்தக்கது. கலித்தொகையின் முல்லைக்கலி பாடும் அவ்வாட்டம், 2011-இல் தில்லி அரசு காளையைக் காட்சிக்குப் பழக்கலாகா விலங்குகளின் பட்டியலிற் சேர்த்தமையால் இடருற்றது. 2014-ஆம் ஆண்டு மே 7-இல் உச்ச முறைமன்றம் அதற்குத் தடைவிதித்தது. 2017 சனவரியில் மெரினாவிலும் ஊர்தோறும் இளைஞர் திரண்டெழவே தமிழகச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றிற்று; 2023 மே 18-இல் ஐவர் ஆயம் அச்சட்டத்தை ஏற்றது. வெற்றி பெரிதே. ஆயினும் அச்சட்டம் ஏறுதழுவலை மரபும் பண்பாடும் பேணும் நிகழ்ச்சி என்றே வரையறுத்தது. களத்திலோ, திமிலை மட்டுமே பற்றவேண்டும், வாலையும் கொம்பையும் பற்றலாகாது, ஒரு காளையை ஒருவரே தழுவவேண்டும் என்னும் நெறிகள் உள்ளன. எண்பொறித்த உடையுடன் ஆடுவோர் சுற்றுச் சுற்றாய் இறங்குகின்றனர். நடுவர் முடிவு கூறுகின்றார். விளையாட்டிற்குரிய அடையாளங்கள் அனைத்தும் ஆங்கு உள.

விரும்பியாடுவதே விளையாட்டெனின் காளைக்கு விருப்பம் உண்டோ என்று வினவுவோர் உளர். அவ்வினாவை ஏளனஞ் செய்து கடத்தல் தகாது. வாய்பேசா எதிரியைக் களத்தில் இறக்கும் ஆட்டத்திற்கு நெறி இருமடங்கு கடுமையாதல் வேண்டும். காளைக்குக் கள் புகட்டுதலும் கண்ணிற் பொடி தூவுதலும் கூர்ங்கருவியாற் குத்துதலும் ஏறுதழுவலுக்குப் பகைவர் கட்டிய பொய் என்று சொல்லி அமைதியுறாமல், அவற்றைச் செய்வோன் எவனாயினும் அவனைக் களத்தினின்று விலக்குவதே ஏறுதழுவலைக் காப்பதாகும்.

எஞ்சி நிற்பது சிலம்பம். திருவிழாவில் தீப்பந்தஞ் சுழற்றுங்கால் அது கலை. மாலையில் உடல்நலத்திற்காகச் சுழற்றுங்கால் பொழுதுபோக்கு. இருவர் எதிர்நின்று தொட்ட தடங்களை நடுவர் எண்ணுங்கால் விளையாட்டு. 2021-இல் தமிழக அரசு வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டிற்குரிய விளையாட்டுகளுள் சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் அஃது இடம்பெற்றது. ஆனால் செய்துகாட்டும் ஆட்டமாகவே இடம்பெற்றது. வாயில் திறந்துள்ளது; உள்ளே இருக்கை இன்னும் உறுதிப்படவில்லை. இந்நிலையிற் சிலம்பத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கழகங்கள் இருந்துகொண்டு, ஒவ்வோர் ஆசானும் தம் வழியே மெய்வழி என்று நிற்பாராயின், சடுகுடுவிற்கு நேர்ந்ததே சிலம்பத்திற்கும் நேரும். கோலின் நீளம், களத்தின் அளவு, எவ்விடந் தொட்டால் எத்துணைப் புள்ளி, நடுவர்க்கு என்ன தகுதி என்பவற்றை ஆசான்மார் ஒருங்கு கூடி ஒரே நெறியாக எழுதவேண்டும். காலடி, வீச்சு, வாரல், சுழற்சி என்னும் தமிழ்ச்சொற்களாலேயே எழுதவேண்டும். சப்பானியர் தம் யூடோவை உலகிற்குத் தந்தபோது அதன் சொற்களையும் சேர்த்தே தந்தனர். இன்றும் எந்நாட்டு நடுவரும் அக்களத்திற் சப்பானியச் சொல்லாலேயே முடிவு கூறுகின்றார்.

எல்லாவற்றையும் போட்டியாக்கினால் இன்பம் கெடுமே எனலாம். கெடவேண்டா. பல்லாங்குழியும் தாயமும் திண்ணையிலேயே இருந்து மகிழ்வூட்டட்டும். பொழுதுபோக்கும் வாழ்விற்கு வேண்டுவதே. ஆனால் விளையாட்டாதற்குரிய தகுதி அனைத்தும் வாய்ந்த ஒன்றைப் பழம்பெருமை என்னும் பெட்டியில் வைத்துப் பூட்டி, ஆண்டிற்கொருமுறை திருவிழாவில் எடுத்துக் காட்டிவிட்டு மீண்டும் பூட்டுதல் அதனைப் பேணுவதாகாது.

பாவாணர் தனியொருவராய் நின்று சிற்றூர் ஆட்டங்களைப் பகலாட்டு, இரவாட்டு எனப் பகுத்து, ஆடும் முறையோடு எழுதிவைத்தார். அது பதிவு. அப்பதிவை நெறியாக்குதல் இத்தலைமுறையின் கடன். தமிழ்க் கழகங்கள் மேடைதோறும் சிலம்பத்தின் தொன்மை பேசுதலை ஓராண்டு நிறுத்திவைத்து, அவ்வோராண்டில் சிலம்பத்திற்கு ஒரு நெறிநூல் எழுதி முடிக்கட்டும். எழுதப்பட்ட நெறியே ஆட்டத்திற்கு வேலி; வேலியில்லாப் பயிர் வழிப்போவார்க்கே உரியது!