மாரியும் பழைய மோட்டாரும்

மார்கழி மாரியில் ஒரு விடியற்காலை. தாயாருக்குத் தொய்வு, மூச்சு முட்டுகிறது. நமது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனரோ உயிர்பெற மறுத்தது. எஞ்சின் நன்றாய்ச் சுழன்றது. ஆதலாற் பற்றறியிற் பழுதில்லை. மேலும் மேலும் ஸ்ராற்றரை இழுத்திருந்தால் அதுவும் ஓய்ந்திருக்கும். பொனற்றைத் திறந்தோம். டிஸ்ரிபியூற்றர் மூடியின் உட்புறமெல்லாம் வியர்வைபோல் ஈரம்! பல்லாயிரம் வோல்ற்று மின்சாரம் பிளக்கிலே பொறியாகப் பாயாமல் அவ்வீரத்தின் வழியே கசிந்தோடிவிடுகிறது. சாவியை மூடிவிட்டு, மூடியையும் உள்ளிருக்கும் சுழலியையும் தடித்த கம்பிகளையும் பழைய வேட்டித் துண்டினால் ஈரமறத் துடைத்தோம். மூடியில் மயிரிழை வெடிப்பு உண்டாயின் துடைத்துப் பயனில்லை, அன்பர்களே, புதிதுதான் வாங்கவேண்டும். நல்லவேளை, வெடிப்பில்லை. இரண்டாம் இழுப்பில் எஞ்சின் முழங்கிற்று. தாயாரைப் பின்னாசனத்திற் சாய்த்துக்கொண்டு ஆறுமணிக்குமுன் ஆசுபத்திரி சேர்ந்தோம்.