முகாமுக்கு ஒரு கத்தி, ஒரு கைக்கோடாலி

"பெண் கைடு முகாமுக்குப் போகிறாள். கத்தியும் சின்னக் கோடாலியும் வேண்டுமாம். எதைப் பார்த்து வாங்குவது? விலையும் கட்டுபடியாகணும்" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பையன் என்றால் மாமாவோ சித்தப்பாவோ கடைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். பெண் கேட்டால் 'உனக்கெதுக்குடி கத்தி?' என்பார்கள். பத்து வயசிலேயே அரிவாள்மணையில் உட்கார வைக்கிறோமே, அது மட்டும் கத்தி இல்லையாக்கும்!

கடையில் முதலில் கண்ணில் படுவது ஒரு பளபளப்பான கத்தி. முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும், மூடியில் திசைகாட்டி. 1982-ல் 'ஃபர்ஸ்ட் பிளட்' என்ற அமெரிக்கப் படம் வந்த பிறகு பரவின மோஸ்தர் அது. மலிவாயிருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பிடி வெறும் குழல். அலகு அதோடு ஒட்டியிருக்கிற இடம் கொஞ்சமே கொஞ்சம். மலிவுச் சரக்கில் முறிவது அங்கேதான்.

அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓட வேண்டும். இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து ஆணி அடித்திருந்தால் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். நீளம் 4 அங்குலம் தாராளம். கயிறு அறுக்க, காய் நறுக்க, குச்சி சீவ அதற்கு மேல் எதற்கு? பிடி அவள் கைக்கு அடங்கணும், அதனால் அவளையே கடைக்குக் கூட்டிப் போங்கள். மடக்குக் கத்தியானால், விரித்தபின் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பூட்டில்லாதது அழுத்தும்போது விரல்மேலேயே மடங்கும். பிரான்சில் 1890 முதல் செய்துவருகிற ஒப்பினெல் மடக்குக் கத்திக்கு மரப்பிடிதான், ஆடம்பரம் கிடையாது. கழுத்தில் ஒரு வளையத்தைத் திருகினால் அலகு அசையாது.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிப்பது குறைவு, ஆனால் தீட்டப் பொறுமை வேண்டும். சாதா எஃகு சாணைக்கல்லில் சுலபமாய்க் கூர் ஏறும். எலுமிச்சம்பழம் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் துரு ஏறும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுகிற பெண்ணென்றால் சாதா எஃகே நல்லது. நம் கொல்லர் பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருகிறார்களே, அது அசல் எஃகு. பார்க்க லட்சணமாக இருக்காது, அதனாலென்ன?

கோடாலி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'கோடாலிக் காம்பு' என்று திட்டுகிறோமே, அந்தக் காம்பைத்தான் முதலில் பார்க்கணும். மரத்தின் ரேகை காம்போடு நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டிப்போனால் ஒருநாள் ஒடியும். கருவேலங்காம்பு நன்றாக உழைக்கும். வழவழவென்று பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான், ரேகையும் விரிசலும் தெரியாமல் மறைந்துவிடும். தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் வேண்டாம். கடைக்காரர் "தண்ணியில ஊறப்போட்டா இறுகிடும்மா" என்பார். இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாய்த் தளரும். ஆப்பு அடித்துத்தான் சரி செய்யணும்.

தலை 600 கிராம், காம்பு 15 அங்குலம் இருந்தால் போதும். ரொம்பக் குட்டையான காம்பு பார்க்கத்தான் அழகு. நின்றுகொண்டு வெட்டி, குறி தவறினால் நேரே முழங்காலுக்கு வரும். அதனால் மண்டியிட்டு, அடியில் ஒரு கட்டையை வைத்துப் பிளக்கச் சொல்லிக்கொடுங்கள். கத்தியால் சீவும்போது தொடைமேல் வைத்துச் சீவவே கூடாது, அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் யாரும் நிற்கக் கூடாது. இரண்டுக்கும் உறை உண்டா என்று கேட்டே வாங்குங்கள். மொக்கைக் கத்தியோடும் அனுப்பாதீர்கள். அழுத்தி அறுக்கும்போதுதான் வழுக்கும்.

வனவிலங்குச் சரணாலயத்துக்குள் முகாம் என்றால், 1972-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதியில்லாமல் கத்தி கொண்டுபோக முடியாது. டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் சுத்தமான வெள்ளைத் துணியும் பாண்டேஜும் வையுங்கள். வெட்டுப்பட்டால் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்ப வேண்டாம். துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்தணும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள். விரல் மடங்கவில்லை, நுனி மரத்திருக்கிறது என்றால் காயம் சின்னதாய்த் தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாகணும்.