அளவை யார் சொல்வது?

சொந்தமாக ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருப்பவர் யாராக இருந்தாலும், வேலை பாதி கடந்ததும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்: முதல் வெளியீட்டில் எவ்வளவு இருந்தால் போதும்? ஐந்து கட்டங்களா, ஐம்பதா? இரண்டு மணி நேர ஆட்டமா, இருபது மணி நேரமா? பெரிய நிறுவனத்தின் பணபலம் இல்லாமல் ஒருவரோ நாலைந்து பேரோ சேர்ந்து செய்யும் இண்டி கேம்களின் உலகில் இந்தக் கேள்வி இன்று மிகுந்த பதற்றத்தோடு கேட்கப்படுகிறது. குறைவாகக் கொடுத்தால் வாங்கியவர் முகம் சுளிப்பார்; கூட்டிக்கொண்டே போனால் கையிருப்பு கரைந்து, செய்தது வெளியே வராமலே போய்விடும். ஆனால் பதற்றத்துக்கு இருக்கும் புதுமை கேள்விக்கு இல்லை. அதற்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. காலந்தோறும் மாறியது, பதில் சொல்லும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான்.

1962-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பி.டி.பி-1 கணினியில் ஸ்டீவ் ரஸ்ஸல் ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டை முதலில் ஓடவிட்டபோது அதில் இருந்தவை இரண்டு விண்கலங்கள், அவை ஒன்றையொன்று சுடுவதற்கான குண்டுகள், பின்னணியில் மனம்போனபடி தூவிய புள்ளிகள், அவ்வளவே. அந்தப் புள்ளிகள் பீட்டர் சாம்சனின் கண்ணை உறுத்தின. மெய்யான வானத்தின் நட்சத்திர வரைபடத்தையே கொண்டுவந்து அங்கே வைத்தார். டான் எட்வர்ட்ஸ் திரையின் நடுவே ஒரு சூரியனை நிறுத்தி அதற்கு ஈர்ப்பு விசை கொடுத்தார். ஆபத்தில் சிக்கிய கலம் சட்டென மறைந்து வேறிடத்தில் தோன்றும் வித்தையை மார்ட்டின் கிரேட்ஸ் சேர்த்தார். வரலாறு நினைவில் வைத்திருக்கும் ஸ்பேஸ்வார் இப்படிப் பல கைகள் தொட்டு வளர்ந்தது. என்றாலும் முதல் வடிவத்திலேயே இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் வீழ்த்த முடிந்தது. பின்னால் வந்தவை அந்த மோதலுக்கு அழகும் ஆழமும் கூட்டின. மோதலை அவை உண்டாக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் வில் குரோதர் எழுதிய குகைப் பயண விளையாட்டை 1977-ல் டான் வுட்ஸ் விரித்து எழுதியபோதும் நடந்தது இதுவே. தொடங்கியவர் நிறுத்திய இடத்திலிருந்து இன்னொருவர் நடந்தார். நடப்பதற்கு அங்கே ஏற்கெனவே ஒரு பாதை இருந்தது.

அடுத்து வந்தவர்களுக்கு இயந்திரமே அளவைச் சொல்லிவிட்டது. 1980-ல் அட்டாரி வெளியிட்ட ‘அட்வென்ச்சர்’ மொத்தமும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரையின் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கவே அதைப்போல் சில மடங்கு இடம் வேண்டும். வாரன் ராபினெட் என்ற தனியாள் அதற்குள் முப்பது அறைகளையும் மூன்று கோட்டைகளையும் மூன்று டிராகன்களையும், கண்ணில் பட்டதைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ஒரு வௌவாலையும் வைத்தார். செய்தவர் பெயரை நிறுவனம் வெளியே சொல்லாத காலம் அது. ஆகவே எவரிடமும் சொல்லாமல் ஓர் இரகசிய அறையைக் கட்டி அதில் தன் பெயரையும் எழுதிவைத்தார். நினைவகம் தீர்ந்த இடத்தில் விளையாட்டும் முடிந்தது. அந்த நெருக்கடிக்குள் எழுதியவர்கள் ஒவ்வொரு பைட்டுக்கும் அல்லாடினார்கள். ஆனால் இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது: எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் பாரத்தை அந்தக் குறுகிய இடம் மனிதரின் தோளிலிருந்து இறக்கி வைத்திருந்தது.

வட்டுகள் பெரிதானபோது பாரம் சந்தைக்கு இடம் மாறியது. 1987-ல் அபோஜி நிறுவனத்தின் ஸ்காட் மில்லர் தன் விளையாட்டைப் பாகங்களாகப் பிரித்து, தொடர்கதையின் முதல் அத்தியாயத்தைப்போல முதல் பாகத்தை இலவசமாகப் பரவவிட்டு, மீதியை விலைக்கு விற்றுப் பார்த்தார். 1990 டிசம்பரில் ‘கமாண்டர் கீன்’ அதே வழியில் வந்தது. 1993 டிசம்பர் 10 அன்று ‘டூம்’ வந்தது. டூமின் இருபத்தேழு கட்டங்களில் ஒன்பது இலவசம். காசு கொடுக்காமல் அந்த ஒன்பதோடு நின்றுவிட்டவர்கள் எண்ணற்றவர்கள். அவர்களும் டூம் விளையாடியவர்களாகவே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள், அது பொய்யுமில்லை. அந்த ஒன்பது கட்டங்களில் துப்பாக்கிகள் இருந்தன, இருட்டு இருந்தது, பயம் இருந்தது, இறுதியில் ஒரு பெரிய சண்டையும் இருந்தது. மூன்றில் ஒரு பங்காக இருந்தும் அதற்கென்று தலையும் காலும் இருந்தன.

பிறகு இணையம் எல்லா வேலிகளையும் பிடுங்கிப் போட்டது. 2009 மே மாதம் மார்க்கஸ் பெர்சன் பொதுவில் வைத்த ‘மைன்கிராஃப்ட்’டில் கட்டைகளை வைக்கலாம், உடைக்கலாம், அதற்கு மேல் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அதிலேயே மக்கள் வீடு கட்டத் தொடங்கினார்கள். முழு வெளியீடு என்று அவர் அறிவித்தது 2011 நவம்பரில். அதற்குள் இலட்சக்கணக்கானோர் பணம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். 2013-ல் கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை ‘ஏர்லி ஆக்சஸ்’ பகுதியைத் திறந்து, செய்து முடிக்காததை விற்பதையே ஒரு முறையாக்கியது. 2015-ல் அதே கடை, வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றது. வாங்குபவருக்கு அது நியாயமான காவல். செய்பவருக்கோ, கிலோபைட் சொன்ன அளவைக் கடிகாரம் சொல்லத் தொடங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கதையை எழுதியவர், முழுதாகச் சுவைத்தவரே பணத்தைத் திரும்பக் கேட்கக்கூடும் என்று அஞ்ச வேண்டியதாயிற்று.

அந்த அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016-ம் ஆண்டே சாட்சி. ஆகஸ்டில் வெளியான ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் இருந்த கோள்களின் எண்ணிக்கை பதினெட்டுக்குப் பின் பதினெட்டுப் பூச்சியங்கள் போடும் அளவு. மனித குலமே உட்கார்ந்தாலும் பார்த்துத் தீராது. ஆனால் வாங்கியவர்கள் சில மணி நேரத்திலேயே, இங்கே செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். அதைச் செய்த ஹலோ கேம்ஸ் குழு பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் இலவச அப்டேட்கள் கொடுத்து இழந்த பெயரை மீட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’யோ ஒரு பண்ணை, ஒரு கிராமம் என்று அளவோடு நின்றது. எரிக் பாரோன் படமும் இசையும் நிரலுமாக ஏறக்குறைய நாலரை ஆண்டு தனியே உழைத்து, ஏர்லி ஆக்சஸ் வேண்டாமென்று காத்திருந்தார். பலர் சேர்ந்து விளையாடும் வசதியை மட்டும் ஒத்திவைத்தார். அது 2018-ல்தான் வந்தது. அதுவரை அதைக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் பண்ணை குறைபட்டுக் கிடப்பதாகத் தோன்றவில்லை. விதைப்பு, அறுவடை, நான்கு பருவங்கள் என்ற வட்டம் முதல் நாளிலேயே மூடியிருந்தது.

நமக்கு நெருக்கமான ஒன்றையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின்; அம்மாவிடமிருந்து வந்த, பக்கங்கள் கறைபட்டு எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பேடு. இட்லிக்குத் துணி விரித்து, மாவை ஊற்றித் தட்டுகளைச் சரியாக அடுக்குவதே அங்கே புதிர். தேங்காயும் மாவும் எந்த வரிசையில் என்று பிடிபட்டால்தான் புட்டு வரும். மொத்தம் ஒன்றரை மணி நேரம்போல ஓடும். சின்னதாக இருக்கிறதே என்ற முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனால் 2024-ல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் அதற்கே கிடைத்தன. இன்னும் இருபது சமையல்களைச் சேர்த்திருந்தால் நேரம் நீண்டிருக்கும். மகன் விலகிப் போவதன் வலி நீர்த்துப் போயிருக்கும்.

இந்த வரிசையில் கடைசியாக நிற்பவர்கள் இன்று விளையாட்டு செய்யும் இளைஞர்கள். நினைவகத்தின் கெடுபிடி அவர்களுக்கு இல்லை. அது தந்த நிம்மதியும் இல்லை. கடையின் கடிகாரமும் இன்னொரு நாள் மாறும், வேறொரு அளவுகோல் வந்து உட்காரும். அதற்கேற்ப நீட்டியும் குறுக்கியும் செய்தவை அந்தந்த அளவுகோலோடு மறைந்துபோவதைத்தான் அறுபது ஆண்டுகளாகப் பார்க்கிறோம். நிலைத்தவை பெரும்பாலும், முதல் நாளில் சிறியவையாக இருந்தாலும், தம் அளவில் முடிந்தவையாக இருந்தன. ஆகவே வெளியிடும் முன் கேட்டுக்கொள்ளத்தக்கது ஒன்றுதான்: இதற்குப் பிறகு ஒரு வரிகூடச் சேர்க்க எனக்கு வாய்க்காமல் போனால், இதை இப்படியே என் பெயரில் விட்டுச்செல்ல எனக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் அளவு போதும். இல்லையென்றால், இன்னும் ஐம்பது கட்டங்கள் சேர்த்தும் அது நிறையப் போவதில்லை.