கொல்லைப் பக்கம் கொஞ்சம் பாருங்கள்



குளிர்நாட்டுக்காரர்களுக்கு வசந்த காலம் என்று ஒன்று உண்டு. பனி போனதும் தோட்டத்தில் எது துளிர்த்தது, எது பட்டுப்போனது என்று சுற்றிப் பார்ப்பார்கள். நம் பந்திங் பக்கம் மழை, இல்லாவிட்டால் வெயில். வருஷம் முழுக்கச் செடி வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நாம் கொல்லையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

மருந்துக்கொட்டகைக்கு வரும் தாய்மார்கள் பலருக்குக் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் சிவப்பே இல்லை. "தலை சுத்துது டிரசர் ஐயா" என்பார்கள். இரத்தச்சோகைதான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், மலம் கறுப்பாய்ப் போகிறது என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். இவர்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கும். காயைப் பறித்துக்கொண்டு கீரையை ஆட்டுக்குப் போடுவார்கள். ஆடு நல்லாத்தான் இருக்கு!

கீரை, மாத்திரைக்குப் பதில் ஆகாது. இரண்டும் வேண்டும். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேராது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

முருங்கையை ஆள் உயரத்துக்கு மேல் விடாதீர்கள். அது பொத்தென்று முறியும் மரம். ஏறி விழுந்து கை ஒடிந்த பிள்ளைகளுக்கு எத்தனை தடவை கட்டுப் போட்டிருக்கிறேன்! நெஞ்சு உயரத்தில் வெட்டிவிட்டால் பக்கத்தில் கிளை விட்டுத் தழையும். பாட்டிகூட நின்றபடி பறிக்கலாம். கம்பளிப்பூச்சி வந்தால் பகலில் அடிமரத்தில் கூட்டமாய் ஒட்டிக்கிடக்கும், பந்தம் பிடித்துக் கருக்கிவிடலாம். நானே ஒருமுறை பூச்சிக்குப் பயந்து மரத்தை அடியோடு வெட்டிவிட்டு, வீட்டுக்காரியிடம் ஒரு மாதம் பேச்சு வாங்கினேன்.

வேலியோரத்துச் சாயூர் மானிஸும் நல்ல கீரைதான். ஆனால் சமைத்து, அளவாய்ச் சாப்பிடுங்கள். 1994, 1995-இல் தைவானில் உடம்பு இளைக்க வேண்டுமென்று இதைப் பச்சையாய் அரைத்துச் சாறு குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டது. சிலர் இறந்தும் போனார்கள்.

பசலை, அவரைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கும் தோம்பை மூடுங்கள். பூச்சட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, போத்தலில் விட்ட மணி பிளாண்ட், எல்லாமே ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்தும் கழுவுங்கள். காய்ந்த சட்டியிலும் முட்டை மாதக் கணக்கில் ஒட்டிக்கிடக்கும். 1975-ஆம் ஆண்டிலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது, அபராதமும் உண்டு. எனக்கு அபராதத்தைவிட டிங்கிதான் பயம்.

கடைசியாக, வெளிக்காட்டில் மருந்தடிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லைப் புல்லுக்கு அடிக்கலாமென்று களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பிள்ளைக்கு அது தண்ணிதான். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. ஒரு மடக்கு உள்ளே போனாலும் உயிரை வாங்கும், முறிவு மருந்து கிடையாது. அப்படி ஒரு பிள்ளையை நான் ஏந்தி ஓடியிருக்கிறேன். பழைய போத்தல் கூரைக்கடியில் இருந்தால் தோட்டத்து மருந்து ஸ்டோரில் ஒப்படையுங்கள். காலி டப்பாவைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் எடுக்காதீர்கள். புல்லுக்குக் கையும் பாராங்கும் போதும்.

என் வீட்டு முருங்கையை இந்த ஞாயிற்றுக்கிழமை கவாத்துச் செய்யப் போகிறேன். போத்துக் கம்பு வேண்டுவோர் காலையிலேயே வந்து வாங்கிக்கொள்ளலாம்.