எட்டுப் பெட்டிகள்

1876-ம் வருஷத்து அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலே தென் கரோலினா ராஜ்யம் ஒரு விந்தை புரிந்தது. எட்ஜ்பீல்டு ஜில்லாவில் வோட்டர்களைக் காட்டிலும் விழுந்த வோட்டுகள் அதிகம்!

அடிமைத்தளை நீங்கிப் பதினொரு வருஷமே ஆகியிருந்தது. அந்த ராஜ்யத்தில் கறுப்பு மக்களே பெரும்பான்மையோர். அவர்களை அச்சுறுத்தச் செஞ்சட்டை தரித்த வெள்ளையர் துப்பாக்கியுடன் குதிரையேறித் திரிந்தனர். ஜூலையில் ஹாம்பர்க் என்னும் ஊரில், பிடிபட்ட கறுப்பர் சிலரை வரிசையாய்ச் சுட்டே கொன்றனர். அப்படியும் அம்மக்கள் சாவடிக்குப் போனார்கள். அவர்கள் ஆதரித்த ரிபப்ளிகன் கட்சி அபேட்சகர் ஹேய்ஸ் அங்கே 889 வோட்டு அதிகம் பெற்றதாக முடிவாயிற்று. தேசம் முழுவதற்குமான தேர்வாளர் வோட்டிலோ 185-க்கு 184! தென் கரோலினாவின் ஏழு இல்லாவிடில் அவருக்குப் பதவி ஏது?

பதவியேற்ற ஹேய்ஸ் செய்த கைம்மாறு யாதெனில், 1877 ஏப்ரலில் கொலம்பியா நகரத்துச் சட்டசபை மாளிகையிலிருந்து துருப்புகளை அகற்றிக் கொண்டதுதான். ராஜ்யம் செஞ்சட்டையினர் கட்சியின் வசமாயிற்று.

துப்பாக்கியைவிட நயமான உபாயம் 1882-ல் வந்தது. பதவிக்கொரு பெட்டியாக எட்டுப் பெட்டிகள். பெட்டி மாறி விழுந்த சீட்டு செல்லாது. எந்தப் பெட்டி எதற்கென்று அதன்மேல் எழுதியிருக்குமாம், படித்துக்கொள்ள வேண்டியதுதானாம்! அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றமென்று 1834-ல் சட்டம் செய்ததும் இதே ராஜ்யந்தான்.