மீண்டும் மேலே எழுவது தோல்வியல்ல

மாணவர்களே, விடியற்காலையில் தெப்ராவ் வீட்டுக் கூரைகளை உலுக்கும் சுமத்ரா சூறைக்காற்றை நீங்கள் அறிவீர்கள். மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று சீராக வீசாது, விட்டுவிட்டு அடிக்கும். அந்த நேரத்தில், நான்கு பேர் அமரும் செஸ்னா 172 போன்ற சிறு விமானம் செனாயில் தரையிறங்க வந்தால் என்ன ஆகும்? "திறமையான விமானி எப்படியும் இறக்கிவிடுவார்" என்று பலர் நினைக்கிறார்கள். இறங்காமல் மீண்டும் மேலே எழுவதுதான் பல வேளைகளில் உண்மையான திறமை என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செனாய் ஓடுபாதையின் எண்கள் 16, 34. அவை 160, 340 பாகைத் திசைகளைக் குறிக்கின்றன. மேற்கு என்பது 270 பாகை. ஆகவே மேற்குக் காற்றுக்கும் ஓடுபாதைக்கும் இடையிலான கோணம் 70 பாகை. சைன் 70 என்பது 0.94. காற்று 20 நாட் வேகத்தில் வீசினால், அதில் ஏறக்குறைய 19 நாட் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். செஸ்னா 172எஸ் கையேடு, சோதனையில் இறக்கிக் காட்டியதாகக் குறிப்பிடும் குறுக்குக் காற்றோ 15 நாட்தான்.

காற்று எதிரே வீசினாலும் சிக்கல் உண்டு. இறக்கையின் தூக்குவிசை, காற்றுவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 65 நாட் வேகத்தில் இறங்கும்போது எதிர்க்காற்று திடீரென 10 நாட் குறைந்தால், தூக்குவிசையில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான், 12 நாட் காற்று இடையிடையே 22 நாட்டாக எகிறினால், வேறுபாட்டில் பாதியான 5 நாட்டை இறங்கும் வேகத்தோடு கூட்டுகிறார்கள். இன்னும் கூட்டலாமே என்கிறீர்களா? இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கம்தான். 65 நாட் 70 ஆனாலே ஆற்றல் 16 விழுக்காடு கூடும். விமானம் நிற்க அதிகத் தூரம் வேண்டும்.

ஆக, கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து. இடையில் இருப்பது குறுகிய வழி. அதிலிருந்து விலகினால் விசையைக் கூட்டி மேலே எழ வேண்டும். எரிபொருளும் நேரமும் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் எழாததன் விலை என்ன?

2020 ஆகஸ்டு 7-ஆம் நாள், துபாயிலிருந்து கோழிக்கோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை நினைத்துப் பாருங்கள். அது பெரிய விமானம். ஆனால் பாடம் ஒன்றே. மழையில் முதல் முயற்சியைக் கைவிட்டு மேலே எழுந்தது. இரண்டாம் முறை, பின்னிருந்து காற்றுத் தள்ள, ஓடுபாதையின் பாதியளவு கடந்தே தரையைத் தொட்டது. பாதை முடிந்தும் நிற்காமல் பள்ளத்தில் விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் மாண்டனர். மேலே எழும்படி துணை விமானி கூறியும் இறக்கம் தொடர்ந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது.

எல்லையைக் காற்றின் நடுவே முடிவு செய்யக்கூடாது. புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அதை மீறியதும் தயங்காமல் எழ வேண்டும். அடுத்த முறை உங்கள் விமானம் தரையருகே வந்து மீண்டும் உயர்ந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். விமானி அறையில் ஒருவர் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்.