தலவாக்கலைக்கு எதற்கு விமானம்?

"லயத்தில் கூரை ஒழுகுகிறது, உங்களுக்குப் பொம்மை விமானம் கேட்கிறதோ?" என்று நண்பர் ஒருவர் சினந்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானங்களைக் கிட் பெட்டியிலிருந்து கட்டும் பயிற்சியை மலையகப் பாடசாலைகளில் தொடங்க வேண்டும் என்று நான் எழுதியதற்கு வந்த பதில் இது. அவரைப் போல் நினைப்போர் பலர் என்பதால் பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

கூரை ஒழுகுவதை யார் மறுத்தார்கள்? ஆனால் 'முதலில் அது, பிறகு இது' என்னும் வரிசையை 200 ஆண்டுகளாக எங்களுக்குப் பிறரே எழுதித் தந்துவருகிறார்கள். கொழும்புப் பிள்ளைக்கு வீடும் விஞ்ஞானமும் விளையாட்டும் ஒருங்கே கிடைக்கலாம். தோட்டத்துப் பிள்ளை மட்டும் தகரம் மாறும்வரை காத்திருக்க வேண்டும். இந்த நீதி எனக்கு விளங்கவில்லை.

பொம்மை என்கிறார் நண்பர். சென்ற ஆண்டு பேரனுடன் அமர்ந்து ஒன்றைக் கட்டி முடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தால் விமானம் இராது. பல்சா மரத் தகடுகளும் ஒரு வரைபடமும் இருக்கும். வரைபடத்தின் மேல் மெழுகுத்தாளை விரித்து, இறக்கையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தி ஒட்ட வேண்டும். ஒரு விலா சற்றே சரிந்தாலும் இறக்கை முறுகிவிடும். முறுகிய இறக்கை பறக்கும்போது ஒரு பக்கம் சாயும். பிறகு மெல்லிய படலத்தைப் போர்த்தி மின்னழுத்தியால் சூடுகாட்டினால் அது சுருங்கி மேளத்தோல் போல் இறுகும். இறுதியில் இரு விரல் நுனிகளை இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னே தள்ள வேண்டும். பாடநூலில் 'விசையின் திரும்பல் விளைவு' என்று மனப்பாடம் செய்யும் விடயம் இதுதான். அதை விரல் நுனியில் உணர்ந்த பிள்ளை பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடமாட்டான்.

இன்னொன்று. கிட்டுடன் வரும் கையேடுகள் தாழ்நில மைதானங்களை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. தலவாக்கலையோ கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க 6 சதவீத வேகமாவது கூடுதலாக வேண்டும். கொழும்பில் எழும் விமானம் இங்கே ஏன் தயங்குகிறது என்று கணக்குப் போடும் வாய்ப்பு, மன்னிக்க வேண்டும், கொழும்புப் பிள்ளைக்குக் கிடையாது!

நம் பிரமுகர்களுக்குப் பிடித்தது வேறு. ஆயத்த ட்ரோன் ஒன்றை மேடையில் வழங்குவார்கள், படம் எடுப்பார்கள். நான் பார்த்த ஒரு பாடசாலையில் அப்படி வந்த ட்ரோன் அதிபரின் அலுமாரியில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. ஓர் இறகு உடைந்ததாம், மாற்றத் தெரிந்தவர் இல்லையாம். விசையை அழுத்தினால் தானே நிலைத்து நிற்கும் கருவியிடம் பிள்ளை எதைக் கற்பான்? நாளை தேயிலை மலைகளில் பசளை தெளிக்கவும் இத்தகைய கருவிகள் வரத்தான் போகின்றன. அவற்றைப் பழுதுபார்ப்பவர் வெளியூரிலிருந்து வருவாரா, லயத்திலிருந்து வருவாரா என்பதே என் கேள்வி. கொழுந்துக் கூடையைச் சுமந்தவளின் மகள் தெளிகருவியின் மருந்துக் கலத்தைச் சுமப்பதோடு நிற்க வேண்டுமா?

தமிழகத்தைப் பாருங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றவர் அப்துல் கலாம். அங்கு காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்களே தம்மை ஈர்த்தன என்று அவரே எழுதியிருக்கிறார். அதே வளாகத்தின் தக்‌ஷா குழு 2018 இல் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித் குமார். மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவது அவருக்கு நெடுநாள் பொழுதுபோக்கு. நடிகர் செய்தால் ஆர்வம், தோட்டத்துப் பையன் கேட்டால் ஆடம்பரமா?

பாதுகாப்பு என்பார்கள். 2007 இல் கட்டுநாயக்க மீது விடுதலைப் புலிகளின் விமானங்கள் குண்டு வீசியதையும், 2019 ஈஸ்டர் தாக்குதலின் பின் ட்ரோன்கள் தடைசெய்யப்பட்டதையும் நான் மறக்கவில்லை. செய்தியாக எழுதியவன் நான். அதனால்தான் வீட்டுக்கொருவர் வாங்குவதை விடுத்துப் பாடசாலை வழியாக, சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடமும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறைப்படி அனுமதி பெற்றுச் செய்யச் சொல்கிறேன். தமிழ்ப் பிள்ளையின் கையில் கட்டுப்பாட்டுப் பெட்டி என்றதும் புருவம் உயர்த்துவோருக்கு எழுத்திலான அனுமதியே பதில்.

செலவு பெரிதுதான். நாட்கூலி 1350 ரூபாய் என்று 2024 இல் நிர்ணயித்த தோட்டங்களில், ஒரு கிட்டும் வானொலிக் கருவியும் மோட்டாரும் பற்றரியும் சேர்ந்தால் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். ஆனால் இன்றைய பரப்பி ஒன்றிலேயே பல விமானங்களின் அமைப்புகளைப் பதிந்து வைக்கலாம். பாடசாலைக்கு ஒரு பரப்பி போதும். முதல் தவணையில் அதுவும் வேண்டாம்; கையால் எறியும் பல்சா மிதவை விமானங்களே போதும். டொரொன்டோவிலும் இலண்டனிலும் ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் நம் சங்கங்கள், ஒரு விழாவின் சாப்பாட்டுச் செலவை இதற்குத் திருப்பிவிட்டால் தலவாக்கலையில் சில வகுப்புகள் ஓடும்.

பறக்கவிட இடம் ஏது என்றும் கேட்கிறார் நண்பர். மலைச் சரிவில் மோதும் காற்று மேல்நோக்கி எழும். அந்த எழுச்சியில் மோட்டாரே இல்லாமல் மிதவை விமானங்களை நெடுநேரம் பறக்கவிடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் தேடிப் போகும் சரிவுகள் எங்கள் வாசலிலேயே கிடக்கின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இயலாது. ஜனவரி முதல் மார்ச் வரை காலைகள் தெளிந்திருக்கும். அதற்குள் முன்வரும் அதிபர் எவராயினும் எனக்கு எழுதட்டும். வரைபடத்தோடு நானே வருகிறேன்.